அங்க அடையாளம்

நவம்பரில் சாரெமா தீவுக்கு
வெளிச்சம் ரேஷனில் வருகிறது.
ஒன்பதரைக்குத் திறந்து மூன்றரைக்குச் சாத்தும் கடை.
அதிலும் என் ஜன்னலுக்கு எதிரே வங்கிச் சுவர்.

மாரிக்கா இரண்டு மீன்பெட்டிகளைக்
கொண்டுவந்து இறக்கினாள்.
மிளகு அரைப்பான் மூன்று, மூடிபோட்ட உப்புச் செப்பு,
முட்டைக் கிண்ணங்கள், தேன் எடுக்கும் கோல்,
உருட்டுக்கட்டை, உள்ளங்கை அகலத்தில் ஒரு கிண்ணம்.
எல்லாம் ஜூனிப்பர். எல்லாம் அவள் கடைந்தது.
படகுத்துறை கேன்டீனில் பதினோரு வருடம்
உருளைக்கிழங்கு உரித்த கை
இப்போது சுழலும் மரத்தை உரிக்கிறது.

"விற்கிற மாதிரி எடு" என்றாள்.

நான் பாஸ்போர்ட் படம் எடுப்பவன்.
நாற்பதுக்கு ஐம்பது மில்லிமீட்டர்.
கண் திறந்திருக்க வேண்டும், பல் தெரியக்கூடாது.
இந்தத் தீவில் இருபது வருடமாக
யாரையும் நான் சிரிக்க விட்டதில்லை.

பழக்கம் எங்கே போகும்?
மிளகு அரைப்பானை முக்காலியில் இருத்தி
தோளைத் தளர்த்து என்றேன்.
உப்புச் செப்பிடம், முகவாயைக் கொஞ்சம் இறக்கு.
மாரிக்கா சிரித்தாள். செப்பு சிரிக்கவில்லை.
நல்ல பிள்ளை.

கிண்ணம்தான் படுத்தியது.
எண்ணெய் பூசிய அதன் வயிற்றில்
ஜன்னல் வந்து உட்கார்ந்தது,
அதற்குள் வங்கி,
அதற்கும் முன்னால் ஒற்றைக்கண்ணோடு குனிந்த நான்.
கேக் சுடும் காகிதத்தை ஜன்னலில் ஒட்டினோம்.
வங்கி போனது. ஜன்னல் போனது.
நான் மட்டும் மிஞ்சினேன்,
மரத்தின் கணுவுக்குப் பக்கத்தில் இன்னொரு கணுவாக.

விளிம்பில் மயிரிழை விரிசல்.
"அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடு."
முடியாது என்றேன்.
நாளைக்கு ஹாம்பர்க்கில் எவளோ பெட்டியைப் பிரித்து
எல்லைக் காவலர் மாதிரி
படத்தையும் பொருளையும் மாற்றி மாற்றிப் பார்ப்பாள்.
அங்க அடையாளம் இல்லாமல்
யாரையும் நான் அனுப்புவதில்லை.

அளவு தெரிய ஒரு முட்டை வைத்தேன்.
"முட்டையைத்தான் பார்ப்பார்கள்."
காசு வைத்தேன்.
"பிச்சைக்கிண்ணம்."
உன் கையை வை என்றேன்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மூன்று மணிக்குத் திரையில் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தாள்.
"கடைந்தெடுத்த பொய்.
கோடைக்குள் இது தேன் நிறத்துக்கு வந்துவிடும்,
அடுத்த வருடம் இன்னும் கறுக்கும்.
அதுகூடப் போகட்டும். வாசனை எங்கே?"

செப்பின் மூடியைத் திருகி
என் மூக்கருகே பிடித்தாள்.
மிளகு. மழை விட்ட பாறை.
கொஞ்சம் தள்ளி, யாரோ மீன் புகைக்கிறார்கள்.

"இதை எடு."

அதற்கு என்னிடம் லென்ஸ் இல்லை.
வெளிச்சமும் தீர்ந்திருந்தது.
கூலிக்கு உருட்டுக்கட்டையை விட்டுப்போனாள்.
மாவு பிசையத் தெரியாத வீட்டில்
அது கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது.

மறுநாள் கால்யு வந்தான்.
கிரேன் ஓட்டுபவன். பின்லாந்தில் வேலை.
பெயர் கேட்டால்கூட முறைக்கிற முகம்.
அதே முக்காலி. துடைக்க மறந்திருந்தேன்.
நேரே பார், வாயை மூடு, மூச்சை விடு என்றேன்.
விட்ட மூச்சை அவன் திரும்ப இழுத்தான்.
மூக்கு விடைத்தது.
உதட்டின் இடது ஓரம்
தனக்கே தெரியாமல் ஓர் அரிசியளவு ஏறியது.
அப்போது விழுந்தது என் விரல்.

அலுவலகம் திருப்பி அனுப்பியது:
முகபாவம் இயல்பாக இல்லை.
ஜன்னலைத் திறந்து, கடல்காற்றை உள்ளே விட்டு
வேறொன்று எடுத்துக் கொடுத்தேன்.
அதில் அவன் அவனாக இருந்தான்.

வெள்ளிக்கிழமை மாரிக்கா
இருபத்துமூன்று படங்களையும் மேசையில் பரப்பினாள்.
கடைசியாக ஒன்று கையில் நின்றது.

"இது யார்?"

உப்புச் செப்பு என்றேன்.